நடுவரின் தீர்ப்பும் நம் மனச்சாட்சியும்

மனிதர் இருவர் சேர்ந்து வாழும் இடத்தில் வழக்கு உண்டு. வழக்கு உள்ள இடத்தில் தீர்ப்பவர் ஒருவர் வேண்டும். குடும்பத்தில் பெரியவர், ஜமாஅத்தில் தலைவர், கடைத்தெருவில் நாணயம் மிக்க ஒரு முதலாளி, நீதிமன்றத்தில் நீதிபதி, விளையாட்டுத் திடலில் நடுவர். பெயர்கள் வேறு, பணி ஒன்றே. இவர்களுள் இந்நாளில் மிகுதியாக ஏச்சுப் பெறுபவர் யார் என்று கேட்டால், காற்பந்து நடுவர் என்றே எவரும் பதில் சொல்வர்.

இதை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பேராக் ஆறு கடலில் கலக்கும் இந்தப் பாகான் டத்தோவிலும், ஹூத்தான் மெலிந்தாங்கிலும், தெலுக் இந்தானிலும் நம்மவர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் இரவில் எப்படி இருக்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. இங்கிலாந்து ஆட்டமாயினும் மலேசிய ஆட்டமாயினும், நடுவர் ஊதல் ஊதினால் மேசைகள் அதிர்கின்றன. அவருடைய தாய் தந்தையரும் வசைக்குத் தப்புவதில்லை. "கண்ணில்லையா?" என்று கேட்ட காலம் போய், "கேமரா இருந்தும் கண்ணில்லையா?" என்று கேட்கும் காலம் வந்திருக்கிறது.

விளையாட்டுத்தானே, இதற்கெல்லாம் சங்க இதழில் இடமா என்று சில பெரியவர்கள் எண்ணக்கூடும். அவர்களுக்கு நாம் பணிவோடு ஒன்று சொல்வோம். நீதி, அநீதி என்ற சொற்களை நம் பிள்ளைகள் பள்ளிவாசலில் கேட்கிறார்கள், பாடநூலில் படிக்கிறார்கள். ஆனால் அநீதி நேரும்போது நெஞ்சு எப்படி எரியும் என்பதை அவர்கள் முதன்முதலில் உணர்வது திடலில்தான். அங்கே கற்ற பாடம், நாளை அவர்கள் கல்லாவில் அமரும்போதும் கூடவே வரும். ஆகவே அந்தப் பாடம் எதுவென்று பார்ப்பது நம் கடமையாகிறது.

கண்ணுக்குத் துணையாக வந்த திரை

நடுவர் தவறுவது புதிய செய்தியன்று. 1966ஆம் ஆண்டு லண்டன் வெம்பிளி திடலில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், இங்கிலாந்தின் ஜெப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று நடுவருக்குத் தெரியவில்லை. அஜர்பைஜானைச் சேர்ந்த எல்லைக்கோட்டு நடுவர் தோபிக் பஹ்ராமோவ் "கோல்தான்" என்று காட்டினார். இங்கிலாந்து 4-2 என்று வென்றது. அந்த வழக்கை ஜெர்மானியர் இன்றும் விடவில்லை. 2010ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. இங்கிலாந்தின் பிராங்க் லம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்ததை உலகமே கண்டது. நடுவர் மட்டும் காணவில்லை. அன்று வென்றது ஜெர்மனி.

இத்தகைய மனக்குறைகள் பெருகியதால், கோட்டைக் கண்காணிக்கும் கருவிக்கு 2012இல் அனுமதி கிடைத்தது. 2018 மார்ச்சில், காற்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் வீடியோ மறுபார்வையை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் அது நடைமுறைக்கு வந்தது. நம் மலேசிய சூப்பர் லீக்கிலும் 2024 முதல் வந்துவிட்டது. அன்று வகுத்த விதி, கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள்மாறாட்டம் ஆகிய நான்கிலும் வெளிப்படையான பெருந்தவறு நேர்ந்தால் மட்டுமே திரை தலையிடலாம் என்றது.

மனக்குறை தீர்ந்ததா? தீரவில்லை. சில இடங்களில் முன்னிலும் பெரிதாகியிருக்கிறது. ஏன்?

முதற்காரணம், திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவரும் மனிதரே. 2023 செப்டம்பர் 30இல் டோட்டன்ஹாமும் லிவர்பூலும் மோதின. நம் நாட்டில் அப்போது நள்ளிரவு தாண்டி ஞாயிறு பிறந்துவிட்டது. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோல் ஆப்சைடு என்று திடலில் மறுக்கப்பட்டது. வீடியோ அறையில் இருந்தவர்கள் படத்தைச் சரியாகவே பார்த்தார்கள்; டியாஸ் ஆப்சைடில் இல்லை என்று சரியாகவே கண்டார்கள். ஆனால் திடலில் கோல் கொடுக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டு, "சரிபார்த்தாயிற்று" என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மீண்டும் தொடங்கியபின் தவறு புரிந்தது. தொடங்கிய ஆட்டத்தை நிறுத்திப் பின்செல்ல விதி இடம் தரவில்லை. லிவர்பூல் 1-2 என்று தோற்றது. கருவி உண்மையைத்தான் சொன்னது. மனிதரின் வாய்மொழியில் அது கெட்டது.

இரண்டாவது காரணம், எல்லாவற்றையும் படம் பிடித்துவிட முடியாது. பந்து கையில் பட்டது தெரியும். வேண்டுமென்று பட்டதா, தற்செயலாகப் பட்டதா என்பது மனத்தின் செய்தி. அதை எத்தனை கேமரா காட்டும்? ஆப்சைடிலோ, ஆட்டக்காரரின் கால்விரல் நுனி முந்தியதா என்று கோடு போட்டுப் பார்க்கிறார்கள். பொன் நிறுக்கும் தராசில் வெங்காயம் நிறுத்தால் வாங்குபவருக்கும் நிம்மதி இல்லை, விற்பவருக்கும் நிம்மதி இல்லை.

மூன்றாவது காரணம் மௌனம். நடுவர் காதில் கைவைத்து நிற்கிறார். பல்லாயிரம் பேர் காத்திருக்கிறார்கள். பிறகு ஒரு முடிவு வருகிறது, காரணம் வருவதில்லை. 2023 முதல் சில உலகப் போட்டிகளில் நடுவர் தம் முடிவை ஒலிபெருக்கியில் அறிவிக்கத் தொடங்கியிருப்பது நல்ல மாறுதல். தோற்றவன் கூட காரணத்தைக் கேட்டபின் ஓரளவு அடங்குவான். காரணம் சொல்லப்படாதவன் சூழ்ச்சி என்றே எண்ணுவான்.

காஜிகளுக்குச் சொன்னது நடுவர்களுக்கும்

தீர்ப்பளிப்பவரைப் பற்றி நம் மார்க்கம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நிறையச் சொல்லியிருக்கிறது. தகுதியுள்ள ஒரு நீதிபதி உண்மையைக் காண முயன்று சரியாகத் தீர்த்தால் அவருக்கு இரண்டு கூலி. முயன்றும் தவறிவிட்டால் ஒரு கூலி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தவறியவருக்குத் தண்டனை சொல்லவில்லை, கூலி சொன்னார்கள். ஏச்சுக்குப் பழகிய நம் நாவு இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லா நடுவரும் தப்பிவிட முடியாது. நீதிபதிகள் மூவகையினர் என்றும் ஒரு நபிமொழி உண்டு. உண்மையை அறிந்து அதன்படி தீர்த்தவர் சொர்க்கம் செல்வார். உண்மையை அறிந்தே மாற்றித் தீர்த்தவரும், அறியாமையோடு தீர்த்தவரும் நரகம் செல்வார்கள். கவனியுங்கள்: மன்னிப்பு பெறுபவர் கற்று, முயன்று, தவறியவர். கல்லாமல் அந்த இருக்கையில் அமர்ந்தவர் மன்னிப்புப் பெறவில்லை. ஆகவே "நடுவர்களின் தரத்தை உயர்த்துங்கள், பயிற்சி கொடுங்கள், தகுதியற்றவரை அனுப்பாதீர்கள்" என்று ரசிகர்கள் கேட்பது முறையான கோரிக்கையே. அனுப்பியவர்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு.

அறிந்தே மாற்றுவது வேறு, தெரியாமல் தவறுவது வேறு. இந்த வேறுபாட்டை நம் நாட்டு ரசிகர்கள் சில வேளை மறப்பதற்கும் காரணம் உண்டு. 1994, 1995ஆம் ஆண்டுகளில் மலேசியக் காற்பந்தில் ஆட்டங்களை விலைபேசிய ஊழல் வெளிவந்து, ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் நீக்கப்பட்டனர். 58 பேர் இடைநீக்கம் பெற்றனர். 1926இல் மலாயாக் கிண்ணத்தை வென்ற பேராக் மாநிலத்து மக்களும் அந்நாளில் தலைகுனிந்தனர். ஒருமுறை கள்ள நோட்டு வாங்கிய கடைக்காரர் நல்ல நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அது குற்றமன்று. ஆனால் வருகிற ஒவ்வொருவரையும் கள்ளர் என்று கூவினால் கடை நடக்குமா?

இனி, கொடுத்த தீர்ப்பைத் திருத்தலாமா என்ற கேள்வி. கலீபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற கடிதம் ஒன்று உண்டு. நேற்று நீர் ஒரு தீர்ப்பளித்திருந்தாலும், இன்று சிந்தித்து வேறு உண்மை புலப்பட்டால் அதற்குத் திரும்ப வெட்கப்பட வேண்டாம் என்பது அதிலுள்ள அறிவுரைகளில் ஒன்று. வீடியோ மறுபார்வையின் நியாயம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. தம் முடிவைத் தாமே மாற்றும் நடுவரைக் கண்டு நாம் சிரிக்கிறோம். உண்மையில் அவர் மதிக்கத்தக்கவர்.

அதே உமர் (ரலி) அவர்களைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. ஒரு வாரிசுரிமை வழக்கில் உடன்பிறந்த சகோதரர்களுக்குப் பங்கில்லை என்று முதலில் தீர்த்தார்கள். பின்னர் அதே போன்ற வழக்கு வந்தபோது பங்குண்டு என்று தீர்த்தார்கள். முந்தியது என்னாவது என்று கேட்டபோது, அது அன்று தீர்த்தபடி நிற்கும், இது இன்று தீர்த்தபடி நிற்கும் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். கருத்துக்கு இடமுள்ள வழக்குகளை மீண்டும் மீண்டும் கிளறினால் உலகில் எந்த வழக்கும் முடியாது. சொத்துப் பிரித்த குடும்பம் சோறு உண்ண முடியாது. கணக்கு முடித்த கூட்டாளிகள் புதுக்கடை திறக்க முடியாது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது. கண்கூடான பிழையைத் திருத்துக. கருத்து வேறுபாட்டைக் கிளறாதே. 2018இல் காற்பந்து வாரியம் வகுத்த விதியும் இதைத்தான் சொன்னது. அந்த அளவுகோலை விட்டு விலகும் போதெல்லாம் ரசிகனுக்குக் கோபம் வருகிறது.

நெருப்புத் துண்டு

இதுவரை நடுவரைப் பற்றியே பேசினோம். ஆனால் இந்த வழக்கில் இன்னொருவர் இருக்கிறார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்தான் உண்மையை அறிந்தவர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வழக்குகள் வருவதுண்டு. தாமும் மனிதரே என்றும், வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராக இருக்கலாம் என்றும், தாம் கேட்டதை வைத்தே தீர்ப்பதாகவும் அவர்கள் எச்சரித்தார்கள். அவ்வாறு தம் சகோதரரின் உரிமை எவருக்கேனும் தீர்ப்பாகிவிட்டால் அவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நெருப்பின் ஒரு துண்டு என்றார்கள். அல்லாஹ்வின் தூதரே அளித்த தீர்ப்பாயினும், பொய்யன் பெற்ற பொருளை அது ஹலாலாக்காது! அப்படியிருக்க, ஊதல் ஊதும் ஒரு மனிதரின் தீர்ப்பு எதை மாற்றிவிடும்? தீர்ப்பு வழக்கை முடிக்கும், உண்மையை மாற்றாது.

1986 ஜூன் 22. மெக்சிகோவில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிய உலகக் கோப்பைக் காலிறுதி. மரடோனா கையால் தட்டிய பந்து வலைக்குள் சென்றது. துனீசியா நாட்டு நடுவர் அலி பின் நாசருக்குக் கை தெரியவில்லை. அவர் எல்லைக்கோட்டு நடுவரைப் பார்த்தார். அவரிடமிருந்து சைகை வரவில்லை. கோல் கொடுத்தார். அர்ஜென்டினா 2-1 என்று வென்றது. உலகம் அன்று முதல் அலி பின் நாசரைக் குறை சொல்கிறது. ஆனால் நாம் மேலே கண்ட அளவுகோலின்படி, முயன்று தவறியவர் அவர். அந்தத் திடலில் ஐயமின்றி உண்மை அறிந்தவர் ஒருவர், அவர் வாய்திறக்கவில்லை. ஆட்டம் முடிந்தபின் இறைவன் பெயரை அந்தக் கையோடு சேர்த்து வேடிக்கை பேசியது வருத்தத்துக்குரியது. 2015இல் மரடோனா துனீசியாவுக்குச் சென்று அந்த நடுவரைக் கண்டு அன்பு பாராட்டினார். 2022இல் அந்தப் பந்து 20 லட்சம் பவுனுக்கு ஏலம் போனது. பந்துக்கு விலை கிடைத்தது. இங்கிலாந்து ஆட்டக்காரர் இழந்ததற்கு ஈடு கிடைக்கவில்லை.

2009 நவம்பரில் பாரிசில் பிரான்சும் அயர்லாந்தும் மோதின. வென்றவருக்கு உலகக் கோப்பை வாய்ப்பு. தியரி ஹென்றி பந்தைக் கையால் நிறுத்தித் தட்டிக் கொடுக்க, கோல் விழுந்தது. பின்னர் அவர் கையில் பட்டதை ஒப்புக்கொண்டார். ஆனால் தாம் நடுவர் அல்லவே என்றும் சொன்னார். மறு ஆட்டமே நியாயம் என்று பிறகு கூறியபோது காலம் கடந்துவிட்டது. பிரான்ஸ் தென்னாப்பிரிக்கா சென்றது. அயர்லாந்து வீட்டில் இருந்தது.

இதற்கு மாறாக, 2012 செப்டம்பரில் இத்தாலியில் நடந்ததைப் பாருங்கள். லாசியோ அணிக்கு ஆடிய ஜெர்மானியர் மிரோஸ்லாவ் குளோசே, நாப்போலிக்கு எதிராகப் போட்ட கோல் கையில் பட்டுச் சென்றது. நடுவர் கோல் கொடுத்துவிட்டார். ஆயினும் குளோசே பந்து தம் கையில் பட்டதை ஒப்புக்கொண்டார். கோல் நீக்கப்பட்டது, எதிரணியினர் வந்து கைகுலுக்கினார்கள். லாசியோ அன்று 0-3 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் திரையும் இல்லை, வீடியோ அறையும் இல்லை. ஒரு மனிதரின் நாவு போதுமானதாக இருந்தது.

தன்னைத்தானே காட்டிக்கொடுக்க வேண்டுமா?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். "எந்தச் சட்டமும் ஒருவனைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தாது. நடுவர் சம்பளம் பெறுகிறார். கண்டுபிடிப்பது அவர் வேலை. மேலும், செய்த பாவத்தை ஊரறியச் சொல்லாதே, மறைத்துத் தௌபா செய் என்றுதானே மார்க்கமும் சொல்கிறது?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது.

விடையும் மார்க்கத்திலேயே இருக்கிறது. அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான குற்றத்தை மறைத்து மன்னிப்புத் தேடலாம். ஆனால் பிறர் உரிமையைப் பறித்த குற்றம் தௌபாவினால் மட்டும் தீராது; பறித்ததைத் திருப்பித் தர வேண்டும், அல்லது உரியவரிடம் பொறுப்புக் கேட்க வேண்டும். இதில் ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. திருமறையும் நமக்கே எதிரானதாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு கட்டளையிடுகிறது. கையால் போட்ட கோல் எந்த வகையைச் சேர்ந்தது? எதிரே நிற்கும் பதினொரு பேரின் உழைப்பு அது. மறைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் வகையைச் சேர்ந்ததன்று.

நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நாம் வணிகர்கள். ஆண்டுதோறும் நம் தராசைச் சோதித்து முத்திரை இடுகிறார்கள். முத்திரை இருக்கிறது என்பதற்காக, தட்டின்மேல் வைத்த கட்டைவிரலுக்கு எடை இல்லாமல் போய்விடுமா? வாங்குபவர் பார்க்கவில்லை, அதிகாரி அங்கே இல்லை. விரலை வைத்தவருக்கு மட்டும் தெரியும். கொப்பரை வாங்கிய அந்நாளில் ஈரத்துக்குக் கழிவு எவ்வளவு என்பதை வாங்குபவரின் கையும் கண்ணுமே தீர்மானித்தன. தோட்டக்காரர் அதை ஏற்றுக்கொண்டு போனார். அது சரியான கழிவா, கூடுதலா என்பது வாங்கியவரின் நெஞ்சுக்குத் தெரிந்த கணக்கு. எத்தனை கருவி வந்தாலும், உண்மை அறிந்தவர் வாய்திறவாத ஒரு மூலை எப்போதும் இருக்கும். கருவியின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் அந்த மூலையில் ஒளிந்துகொள்கிறோம்.

இழந்தவர் செய்ய வேண்டியது

உரிமை இழந்தவர் என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு போக வேண்டுமா? வேண்டாம். ஆனால் முறை உண்டு. 2023 மார்ச் 3இல் பெங்களூரில், இந்தியன் சூப்பர் லீக் வெளியேற்றச் சுற்றில் பெங்களூர் அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதின. கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு பிரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் தடுப்புச்சுவர் அமைக்குமுன் சுனில் சேத்ரி அடித்துவிட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். ஊதலுக்குக் காத்திருக்க வேண்டியதா, உடனே அடிக்கலாமா என்பதே வழக்கு. அந்த லீகில் அன்று வீடியோ மறுபார்வை இல்லை. பயிற்றுநர் இவான் வுகோமனோவிச் தம் வீரர்களை அழைத்துக்கொண்டு திடலைவிட்டு வெளியேறினார். பெங்களூர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் இந்தியக் காற்பந்துச் சம்மேளனம் கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்றுநருக்குப் பத்து ஆட்டத் தடை விதித்தது.

அவர்களுடைய மனவேதனையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் வெளியேறியதால் கேள்வியே மாறிப்போயிற்று. கோல் சரியா என்று கேட்டுக்கொண்டிருந்த நாடு, வெளியேறியது சரியா என்று கேட்கத் தொடங்கியது. எஞ்சியிருந்த நிமிடங்களில் ஒரு கோல் போடும் வாய்ப்பும் போயிற்று. ஆட்டத்தை ஆடி முடித்து, மறுநாள் காரணங்களோடு முறையிட்டிருந்தால் இழப்பு ஓர் ஆட்டத்தோடு நின்றிருக்கும். கோபத்தில் பேரேட்டைக் கிழித்தவருக்குப் பாக்கி வசூலாகாது.

நமது பங்கு

பார்ப்பவர்களாகிய நமக்கும், ஆட்டத்தைக் காட்டும் கடைக்காரர்களாகிய நமக்கும் இதில் பங்கில்லையா? மூன்று செய்திகளைச் சொல்லி முடிப்போம்.

ஒன்று, நம் கோபத்தின் வேரைச் சோதிப்போம். நம் அணிக்குத் தவறாகக் கிடைத்த பெனால்டியில் கைதட்டியவர், மறுவாரம் நமக்கெதிராகக் கிடைத்தபோது அநீதி என்று கூவினால், அவர் கேட்பது நீதியன்று. நமக்குச் சாதகமான தவறைத் தவறு என்று சொல்லத் துணிந்தவருக்கே மற்றதைக் கண்டிக்கும் உரிமை உண்டு.

இரண்டு, நம் மேசைகளில் பந்தயம் நடக்க இடம் தரலாகாது. நடுவர்மேல் எழும் சாபங்களில் ஒரு பகுதி, பணம் வைத்துத் தோற்றவர்களின் சாபம். சூது ஹராம், உரிமமற்ற பந்தயம் இந்நாட்டுச் சட்டத்திலும் குற்றம். நான்கு கோப்பை தேநீர் கூடுதலாக விற்கும் என்பதற்காக அதைக் காணாதவர்போல் இருப்பவரும், கண்டும் ஊதாத நடுவரே.

மூன்று, நம் வாலிபர்கள் திடலில் ஆடும்போது வெற்றியை மட்டும் கேட்டு வராதீர்கள். "பந்து உன் மேல் பட்டு வெளியே போனதா? நடுவரிடம் சொன்னாயா?" என்றும் கேளுங்கள். ஓர் எறிபந்தை விட்டுக்கொடுக்கப் பழகியவன் நாளை கூட்டாளியின் பங்கை மறைக்க மாட்டான். தவறிக் கூடுதலாகக் கொடுத்துவிட்ட வாடிக்கையாளரை அழைத்து மீதியைத் தருவான். திரைகள் இன்னும் கூர்மையாகட்டும், நடுவர்கள் இன்னும் நன்றாகப் பயிலட்டும்; அவற்றை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் எவர் கண்ணுக்கும் தப்பிய இடத்தையும் பார்க்கும் ஒருவன் இருக்கிறான் என்ற நம்பிக்கையில் வளர்ந்த சமுதாயம் நாம். அவனுடைய தீர்ப்பில் மறுபார்வைக்குத் தேவை இராது. அந்நாளில் பிறர் உரிமை எதுவும் நம் கையில் இல்லாதிருக்க, எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக. ஆமீன்.